ஜிடேன்: 108 ஆட்டம், 31 கோல். இதுக்கா இவ்வளவு பேச்சு?

உப்பளம் 10 | 13.07.2025, இரவு 9:12

நேத்து ஜூலை 12. 1998 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியில பிரான்ஸ் நடுக்கள ஆட்டக்காரர் ஜிடேன் பிரேசிலைச் சாய்ச்ச வீடியோவை வழக்கம்போல ஊரே பகிர்ந்து முடிச்சாச்சு. நாளைக்குப் புதுச்சேரி கடற்கரைச் சாலையில பிரெஞ்சு தேசிய தினம் வேற. கொண்டாட்டம் தலைக்கேறும் முன்னாடி ஒரு கணக்கு வைக்கிறேன்.

பிரான்ஸுக்கு 108 ஆட்டம், 31 கோல். உலகக் கோப்பைல மொத்தம் 5. அதுல 1998 இறுதியில கார்னர்லேர்ந்து தலையால 2, 2006ல பெனால்டி 2, ஸ்பெயின்கூட கூடுதல் நிமிஷத்துல 1. ஓடுற ஆட்டத்துல அடிச்சது அந்த ஒண்ணே ஒண்ணு. நம்ம சுனில் சேத்ரி இந்தியாவுக்கு 95 அடிச்சிருக்கார். பெலே, மரடோனா வரிசையில இவருக்கு யார் நாற்காலி போட்டது?

மஞ்சக்குப்பம் கோச் | 13.07.2025, இரவு 10:05

கணக்கு சரி. அது எதை அளக்கிறது என்பதில்தான் தகராறு. சேத்ரி முன்கள ஆள், கோல் அடிப்பது அவர் வேலை. 1998 இறுதியில் பிரான்ஸ் எப்படி நின்றது பாருங்கள்: தெஷாம், பெட்டி, கரம்பூ மூவரும் பந்தைப் பிடுங்க. அவர்களுக்கு முன்னால் ஜிடேன், ஜோர்கேஃப். உச்சியில் கிவார்ச். அந்தத் தொடர் முழுக்க கிவார்ச் ஒரு கோல்கூட அடிக்கவில்லை, கோப்பை வந்தது. மூன்று பேர் பிடுங்கித் தரும் பந்தைத் தொலைக்காமல் எதிரணிப் பாதிக்குள் கொண்டுபோய் வைப்பதுதான் ஜிடேன் வேலை. தொலைக்காத பந்தை எந்தப் பட்டியலிலும் எழுத மாட்டார்கள்.

வைத்திக்குப்பம் | 13.07.2025, இரவு 10:31

ரெண்டு ஹெட்டரும் ஜோர்கேஃப் தூக்கிக் கொடுத்தது. தலைய நீட்டினா யாருக்கும் கோல்தான். மார்க் பண்ணாத, அதாவது ஆளோட ஒட்டி நின்னு தடுக்காத பிரேசிலைச் சொல்லணும்.

மஞ்சக்குப்பம் கோச் | 13.07.2025, இரவு 11:20

இல்லை. 27ஆவது நிமிட கோல் பெட்டி அடித்த கார்னர், வலப்பக்கத்திலிருந்து இடது காலால். முதல் பாதி முடிகிற நேரத்தில் விழுந்த இரண்டாவதுதான் ஜோர்கேஃப், இடப்பக்கத்திலிருந்து வலது காலால். இரண்டுமே கோலை நோக்கி உள்ளே வளையும் பந்து.

உள்ளே வளையும் கார்னருக்கு வேகம் ஏற்கெனவே இருக்கும். தலையால் பலமாக முட்ட வேண்டிய அவசியமில்லை, திசை மாற்றினால் போதும். ஆனால் அருகிலுள்ள கம்பத்தை நோக்கி வருவதால், பந்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். பையன்களுக்கு இதைச் சொல்லித்தரும்போது திரும்பத் திரும்பக் கெடுவது இவைதான்:

கார்னர் அடிப்பவர் கை தூக்கியதுமே ஓடிவிடுவது. பந்து வரும்போது ஆள் கம்பத்தடியில் நின்றுகொண்டிருப்பான், நின்ற இடத்திலிருந்து எம்பினால் உயரம் கிடைக்காது. அடிப்பவரின் கால் பந்தில் படும் கணத்தில்தான் ஓட்டம் தொடங்க வேண்டும். நாலைந்து மீட்டர் ஓட்டம், ஒற்றைக் காலில் எம்பல்.

கண்ணை மூடிக்கொள்வது. மூடினால் பந்து உச்சந்தலையில் பட்டு மேலே போகும். முடி தொடங்கும் இடத்துக்குக் கீழே, நெற்றி எலும்பில் வாங்க வேண்டும்.

கழுத்தைத் தளர்த்தி விடுவது. தாடை நெஞ்சை நோக்கி இறங்கினால்தான் பந்து தரையைப் பார்த்துப் போகும்.

ஜிடேன் உயரம் 1.85 மீட்டர். அதை மட்டும் வைத்து வந்த கோல் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு இதைத் தோல் பந்தில் ஆரம்பிக்க வேண்டாம். காற்று குறைத்த லேசான பந்து போதும், அதுவும் ஒரு பயிற்சியில் நாலைந்து முறைக்கு மேல் வேண்டாம்.

உப்பளம் 10 | 14.07.2025, காலை 7:02

விளக்கம் நல்லா இருக்கு. என் கேள்விக்கு இது பதில் இல்லையே. கார்னர்ல நல்லா ஓடுறவன் ஆயிரம் பேர்.

சொல்தா பேரன் | 14.07.2025, மதியம் 2:40

அப்ப கணக்கையே முழுசா போடுவோம். ஜிடேன் காலத்து மூணு உலகக் கோப்பையில (1998, 2002, 2006) பிரான்ஸ் ஆடினது 7 + 3 + 7 = 17 ஆட்டம். ஜிடேன் இறங்கினது 12. இறங்காதது 5.

இறங்காத அஞ்சு: 1998ல டென்மார்க் (2-1 வெற்றி), பராகுவே (1-0, கூடுதல் நேரத்துல பிளாங்க் அடிச்ச கோல்டன் கோல், அதாவது விழுந்ததும் ஆட்டம் முடியுற கோல்). 2002ல செனகல் (0-1 தோல்வி), உருகுவே (0-0). 2006ல டோகோ (2-0 வெற்றி). அஞ்சு ஆட்டத்துல பிரான்ஸ் போட்ட கோல் 5.

இறங்கின பன்னிரண்டு: 1998ல தென்னாப்பிரிக்கா 3, சவூதி 4, இத்தாலி 0, குரோஷியா 2, பிரேசில் 3. 2002ல டென்மார்க் 0. 2006ல சுவிஸ் 0, கொரியா 1, ஸ்பெயின் 3, பிரேசில் 1, போர்ச்சுகல் 1, இத்தாலி 1. ஆக 19.

அவர் இல்லாம ஆட்டத்துக்கு 1 கோல், இருந்தா 1.6 கிட்ட. பெனால்டி ஷூட் அவுட்டைத் தள்ளிட்டுப் பார்த்தா, இருந்த 12ல தோத்தது ஒண்ணுதான், 2002 டென்மார்க். அதுலயும் தொடையில கட்டுப் போட்டுக்கிட்டு இறங்கினார். போட்டி தொடங்குறதுக்கு முன்னாடி சுவோன்ல கொரியாகூட நட்பு ஆட்டம் வச்சாங்க, மே 26. அங்கதான் தொடை போச்சு.

வைத்திக்குப்பம் | 14.07.2025, மாலை 4:15

அஞ்சு ஆட்டத்தை வச்சு சராசரி போடுறது கணக்கு இல்ல, ஜோசியம். செனகல்கூட ட்ரெசகே அடிச்சது கம்பத்துல பட்டது. அரை அடி உள்ள போயிருந்தா உங்க 1 கோல் 1.2 ஆயிடும்.

மஞ்சக்குப்பம் கோச் | 14.07.2025, இரவு 8:50

வைத்திக்குப்பம் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் பேரன் போட்ட கணக்கிலேயே வேறொன்று ஒளிந்திருக்கிறது. இறங்காத ஐந்தில் காயத்தால் போனது இரண்டுதான். மற்ற மூன்றும் கார்டு. 1998இல் சவூதி ஆளை மிதித்து ரெட் கார்டு, அதற்கு இரண்டு ஆட்டம் தடை. 2006இல் சுவிஸ், கொரியா ஆட்டங்களில் ஆட்டத்துக்கு ஒரு மஞ்சள், டோகோ ஆட்டம் போச்சு. கூடவே 2006 பெர்லின் இறுதியில் இத்தாலியின் மத்தராஸியைத் தலையால் முட்டி ரெட் கார்டு வாங்கியதில் கடைசிப் பத்து நிமிடமும் ஷூட் அவுட்டும்.

வாழ்நாளில் மொத்தம் 14 ரெட் கார்டு. ஒரு தற்காப்பு ஆட்டக்காரருக்கே இது அதிகம். இவர் நடுக்களத்தின் மேல் பகுதியில் ஆடியவர். இதில் இத்தாலியின் யுவென்டஸ் கிளப்பில் இருந்தபோது 2000இல் ஹாம்பர்க் ஆட்டக்காரரைத் தலையால் முட்டியதும் சேர்த்தி, ஐந்து ஆட்டம் தடை வாங்கினார். மத்தராஸி முதல் ஆள் இல்லை.

உப்பளம் 10 கோல் கணக்கை எடுத்ததற்குப் பதில் இதை எடுத்திருந்தால் எங்களுக்கெல்லாம் பதில் சொல்வது கஷ்டம்.

உப்பளம் 10 | 14.07.2025, இரவு 9:01

எடுத்தாச்சுன்னு வச்சுக்குங்க.

சொல்தா பேரன் | 15.07.2025, இரவு 11:48

2006 இறுதி நமக்கு ராத்திரி 11:30க்குத் தொடங்கிச்சு. ரெட் கார்டு விழும்போது மணி ஒண்ணே முக்கால் வாக்கில். 110ஆவது நிமிஷம், நடுவர் எலிசோண்டோ.

எல்லாரும் அந்த முட்டலைப் பத்தியே பேசுவாங்க. யார் யார் களத்துல மிச்சம் இருந்தாங்கன்னு பார்க்கிறதே இல்ல. வியேரா 56ஆவது நிமிஷமே காயத்துல போயாச்சு. ரிபேரி 100ல வெளியே, ட்ரெசகே உள்ள. ஹென்றி 107ல வெளியே, வில்டோர் உள்ள. மூணு மாற்றமும் முடிஞ்ச மூணாவது நிமிஷத்துல கேப்டன் போறார். பெனால்டி அடிக்கிற ரெண்டு பெரிய கால் ஜிடேன், ஹென்றி. ரெண்டும் இல்ல. வில்டோர், ட்ரெசகே, அபிதால், சான்யோல்னு நாலு பேர் வந்தாங்க, ட்ரெசகே அடிச்சது மேல்கம்பி. இத்தாலி அஞ்சும் போட்டுச்சு, 5-3.

இதே ட்ரெசகேதான் 2000 யூரோ இறுதியில இத்தாலிய கோல்டன் கோல்ல சாய்ச்சவர். வட்டியோட வாங்கிட்டாங்க.

வைத்திக்குப்பம் | 16.07.2025, காலை 6:30

அந்த ஆட்டத்துல 7ஆவது நிமிஷம் இத்தாலி கோலி பூஃபோனை ஏமாத்தி மெதுவா தூக்கிப் போட்ட பெனால்டிய விட்டுட்டீங்களே. யுவென்டஸ்ல ஒண்ணா ஆடினவங்க, பூஃபோன் எந்தப் பக்கம் பாய்வார்னு இவருக்கு மனப்பாடம்.

சொல்தா பேரன் | 16.07.2025, காலை 9:10

ஒண்ணா ஆடவே இல்லைங்க. 2001 கோடையில ஜிடேன் யுவென்டஸை விட்டு ரியல் மாட்ரிட் போனார், விலை 150 பில்லியன் லீரா, அன்னைக்கு உலக சாதனை. அதே கோடையில யுவென்டஸ் பூஃபோன், துராம், நெட்வெட் மூணு பேரையும் வாங்கிச்சு. இவர் வாசல் வழியா போகும்போது அவர் உள்ள வந்தார். முன்னாடி சந்திச்சதெல்லாம் பூஃபோன் பார்மா கிளப்புல இருந்தப்போ, எதிரணியா.

மஞ்சக்குப்பம் கோச் | 16.07.2025, இரவு 9:35

அந்தப் பெனால்டியைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. அது நல்ல அடி இல்லை. தப்பிப் பிழைத்த அடி.

கோலி ஒரு பக்கம் பாய்ந்துவிட்டார் என்றால், நடுவில் தூக்கும் பந்து கோட்டைக் கடக்கும்போது இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடையில் இருந்தால் போதும். ஜிடேன் அடித்தது 2.44 மீட்டர் உயரக் கம்பியின் அடிப்பாகத்தில் பட்டு, கோட்டுக்கு உள்ளே குத்தி, மறுபடி வெளியே வந்தது. பந்தின் குறுக்களவே 22 செ.மீ. அதில் பாதி மேலே போயிருந்தால் இந்த இழையே வேறு மாதிரி இருக்கும்.

ஏன் உயர்ந்தது? இந்த அடிக்கு ஷூவின் முனை பந்தின் அடியில் நுழைந்து அங்கேயே நிற்க வேண்டும், கால் பின்தொடரக் கூடாது. உடம்பு பின்னால் சாய்ந்தாலோ, கால் கொஞ்சம் தொடர்ந்தாலோ பந்து ஏறிவிடும். பையன்கள் செய்யும் தப்பு இதற்கு நேர் எதிர்: பயந்துபோய் மெதுவாக ஓடி வருவார்கள், கோலி கடைசிவரை நின்று பார்த்துக் கையில் வாங்கிக்கொள்வார். ஓட்டம் பலமான அடிக்கான ஓட்டமாகவே தெரிய வேண்டும், வேகம் கடைசி அடியில் மட்டும் செத்துப்போக வேண்டும்.

2000 யூரோ அரையிறுதியில் போர்ச்சுகல்லுக்கு எதிராக 117ஆவது நிமிடத்தில் அடித்தாரே, அந்தப் பெனால்டிதான் பாடம். போனால் ஆட்டமே முடியும் கோல்டன் கோல். எந்த அலங்காரமும் இல்லை.

தேவனாம்பட்டினம் | 20.07.2025, மாலை 6:20

கோச் சார், ஒரு சந்தேகம். ஜிடேன் பந்து மேல கால் வச்சு ஒரு சுத்து சுத்துவாரே, சில்வர் பீச் மணல்ல எவ்வளவு பழகியும் வரல. பந்து கூடவே வரமாட்டேங்குது.

மஞ்சக்குப்பம் கோச் | 20.07.2025, இரவு 10:12

மணலில் வரவே வராது தம்பி. அந்தச் சுழற்சி முழுக்க உள்ளங்காலால் பந்தை உருட்டுவது. மணலில் பந்து புதையும், உருளாது. கெட்டித் தரைக்கு வா, அல்லது புல்லுக்கு.

படிப்படியாக:

1. எதிராளி நேராக உன்னை நோக்கி வர வேண்டும். அவன் காலை நீட்டத் தொடங்கும்போதுதான் ஆரம்பம். இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும்போதே சுற்றினால் அவன் பின்வாங்கி நின்று வேடிக்கை பார்ப்பான், நீ சுற்றி முடித்து அவன் காலிலேயே கொடுப்பாய்.

2. வலது உள்ளங்காலின் முன்பகுதியைப் பந்தின் உச்சியில் வைத்துப் பின்னுக்கு இழு. சின்ன இழுப்பு, ஒரு பந்து அகலத்துக்குக் கொஞ்சம் மேல். உடம்பு எடையைப் பந்தின்மேல் இறக்காதே. வழுக்கி விழுபவர்கள் எல்லாரும் இங்கேதான் விழுகிறார்கள்.

3. அதே வலது காலைத் தரையில் ஊன்றி இடப்பக்கமாக உடம்பைத் திருப்பு. இப்போது முதுகு எதிராளிக்கு. பந்து உனக்கு முன்னால், அவனுக்குத் தெரியாது.

4. இடது உள்ளங்காலால் பந்தை மறுபடி இழு, சுழற்சி நிற்காமலே. இந்த இழுப்புதான் நீளமானது, பந்தை எதிராளியைத் தாண்டிக் கொண்டுபோவது இதுதான்.

5. முகம் திரும்பியதும் அடுத்த அடி வேகமாக. சுற்றி முடித்து நின்று ரசித்தால் பின்னாலிருந்து பிடுங்கிவிடுவான்.

நடந்தபடியே பழகு, பிறகு மெல்ல ஓடி, கடைசியாக ஆள் வைத்து. நீண்ட ஸ்டட் (அடிப்பாகக் குமிழ்) உள்ள ஷூ போட்டுப் பழகாதே. மூன்றாவது படியில் ஸ்டட் தரையில் குத்தி நின்றுகொள்ளும், உடம்பு சுழலும், நடுவில் முட்டி மாட்டும். குட்டையான ரப்பர் ஸ்டட் போதும்.

வைத்திக்குப்பம் | 21.07.2025, காலை 7:45

அஞ்சு படி. சுத்தி முடிக்கிறதுக்குள்ள மேட்ச் முடிஞ்சிடும் போல.

மஞ்சக்குப்பம் கோச் | 21.07.2025, இரவு 9:20

முடியாது, முழுச் சுழற்சியும் கண் சிமிட்டும் நேரம்தான். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஜிடேனைப் பார்த்து இந்தச் சுழற்சியைக் கற்க வருகிறவர்கள், அதற்கு முந்தைய டச்சை யாரும் கேட்பதில்லை. 2006 காலிறுதி, ஃபிராங்க்ஃபர்ட், பிரேசில் ஆட்டத்தைச் சுழற்சிக்காக இல்லாமல் ஒருமுறை பாருங்கள். பாஸ் வந்துகொண்டிருக்கும்போதே அவர் தலை தோளுக்கு மேல் திரும்பும். பந்து காலுக்கு வருவதற்குள் எங்கே திரும்பப் போகிறார் என்று முடிவாகிவிடும். 34 வயது, கால் வேகம் போய்விட்டது, அன்றைக்கு யாராலும் நெருங்க முடியவில்லை. உப்பளம் 10 கேட்டதற்கு என் பதில் இதுதான். கோல் பட்டியலில் இது வராது.

இதைப் பழக மூன்று பேர் போதும், ஒரே கோட்டில், பத்துப் பத்து மீட்டர் இடைவெளி. நடுவில் இருப்பவன்தான் ஜிடேன். முதலாமவன் பாஸ் கொடுத்ததும் நடுவிலிருப்பவன் பின்னால் பார்க்க வேண்டும், பந்து பாதி வழி வரும்போது இன்னொரு முறை. பின்னாலிருப்பவன் நெருங்கி வந்தால் பாஸ் கொடுத்தவன் ‘மேன்’ என்று கத்துவான், வராவிட்டால் ‘டர்ன்’. ‘டர்ன்’ என்றால் உடம்பைப் பக்கவாட்டில் திறந்து, தள்ளியிருக்கும் காலின் உட்புறத்தால் பந்தை வாங்கி அப்படியே திரும்பு. பந்து காலடியில் ஒட்டி நிற்கக் கூடாது, ஒரு முழம் முன்னால் நிற்க வேண்டும், அடுத்த அடி அங்கேதான் விழும்.

கெடுவது எங்கே: கிட்டக் காலால் வாங்கினால் திரும்ப இன்னொரு டச் வேண்டும், அந்த அரை நொடியில் ஆள் வந்துவிடுவான். கணுக்காலை விறைத்தால் பந்து சுவரில் பட்ட மாதிரி திரும்பி ஓடும். பந்தில் காற்று அதிகமாக இருந்தாலும் அதேதான். விதிப்படி 0.6 முதல் 1.1 வரை வளிமண்டல அழுத்தம் இருக்கலாம். நம் ஊர்க் கெட்டித் தரைக்கு 0.6, 0.7 போதும், பெரும்பாலான இடங்களில் கல் மாதிரி அடித்து வைத்திருப்பார்கள்.

சொல்தா பேரன் | 02.08.2025, இரவு 10:30

கோச் சொன்ன பிரேசில் ஆட்டத்துக்கு ஒரு பின்குறிப்பு. 57ஆவது நிமிஷம் ஜிடேன் ஃப்ரீ கிக் தூக்குறார், தூரக் கம்பத்துல ஹென்றி தனியா நின்னு அடிக்கிறார். ஹென்றிய பார்த்துக்க வேண்டிய ராபர்ட்டோ கார்லோஸ் குனிஞ்சு காலுறையச் சரி பண்ணிக்கிட்டு இருந்தார்.

இந்த மனுஷன் ஜிடேன் வாழ்க்கையில மூணு தடவை வர்றார். 1998 இறுதியில தோத்த அணி. 2002 மே 15, கிளாஸ்கோ, சாம்பியன்ஸ் லீக் இறுதி, லெவர்குசன்கூட: ரியல் மாட்ரிட்ல ரெண்டு பேரும் ஒரே அணி, வானத்துக்குத் தூக்கிப் போட்டது இவர், இறங்கின பந்தை ஜிடேன் இடது காலால அப்படியே அடிச்சு 2-1. மூணாவது 2006, காலுறை. ஜிடேன் ஓய்வூதியத்துல பாதி இவருக்குப் போகணும்.

உப்பளம் 10 | 03.08.2025, காலை 8:00

2004ல பிரான்ஸ் அணியிலேர்ந்து ஓய்வுன்னு போயிட்டு 2005ல திரும்பி வந்தது? அதையும் நல்ல கணக்குல எழுதுவீங்களா?

சொல்தா பேரன் | 03.08.2025, மதியம் 1:25

அவர் இல்லாத ஒரு வருஷத்துல 2006 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று: சொந்த மண்ணுல இஸ்ரேல் 0-0, அயர்லாந்து 0-0, சுவிஸ் 0-0. வெளியே இஸ்ரேல்ல 1-1. 2005 ஆகஸ்ட்ல ஜிடேன், துராம், மக்கலேலே மூணு பேரும் திரும்பினாங்க. டப்ளின்ல அயர்லாந்து 1-0, சைப்ரஸ் 4-0, குழுவுல முதலிடம். டப்ளின் கோல் ஹென்றி அடிச்சது. மூணு பேர் ஒண்ணா வந்ததால புகழை ஒரே ஆளுக்கு எழுதறது சரியில்ல. என்னைக் கேட்டா பந்தைப் பிடுங்குற நடுக்கள ஆள் மக்கலேலே வந்ததுதான் பெருசு.

வைத்திக்குப்பம் | 03.08.2025, மாலை 5:50

கோல் பட்டியல்ல மக்கலேலே எங்க இருப்பார்னு தேடணும்.

தேவனாம்பட்டினம் | 09.08.2025, இரவு 7:15

நடுக்களம் கத்துக்க பிரான்ஸ் வரைக்கும் ஏன் போகணும்? நம்ம கடலூர் இந்துமதி கதிரேசன் 2019 சாஃப் (தெற்காசிய) மகளிர் கோப்பை ஜெயிச்ச இந்திய அணியில நடுக்களம். அவங்க ஆட்டத்தையும் பாருங்க.

மஞ்சக்குப்பம் கோச் | 09.08.2025, இரவு 9:00

பார்க்க வேண்டியதுதான். பிள்ளைகளுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவது அதைத்தான். பக்கத்துத் தெருப் பேச்சு பேசுகிறவர் இந்தியச் சட்டை போட்டிருந்தால் கேள்வி கேட்கத் தயங்க மாட்டார்கள்.

தேவனாம்பட்டினம் | 24.10.2025, மாலை 6:40

கோச் சார், சுத்து வந்துடுச்சு. ஆனா மழை ஆரம்பிச்சதுலேர்ந்து ரெண்டாவது இழுப்புல பந்து நழுவுது. இன்னொண்ணு, எங்க டீம்ல ஒருத்தன் இடது கால்காரன், அவனுக்கு எப்படிச் சொல்றது?

மஞ்சக்குப்பம் கோச் | 24.10.2025, இரவு 8:30

ஈரப் பந்தில் உள்ளங்கால் பிடிக்காது, ஷூவின் அடிப்பாகத்தில் சேறு அப்பியிருந்தால் இன்னும் மோசம். ஆட்டத்தின் நடுவே கிடைக்கும் இடைவெளியில் தட்டிவிடு. இரண்டாவது இழுப்பைக் குட்டையாக்கி, நீளத்தை ஓட்டத்தில் ஈடுகட்டு. தண்ணீர் தேங்கிய இடத்தில் முயற்சியே வேண்டாம், பந்து நின்றுவிடும், நீ மட்டும் சுற்றுவாய்.

இடது கால்காரனுக்கு எல்லாம் மாற்றி: இடது உள்ளங்காலால் முதல் இழுப்பு, இடது காலை ஊன்றி வலப்பக்கமாகச் சுழற்சி, வலது உள்ளங்காலால் நீண்ட இழுப்பு. அவன் எதிரில் நின்று செய்து காட்டாதே, பக்கத்தில் நின்று காட்டு. எதிரில் நின்றால் திசை குழம்பும்.

உப்பளம் 10 | 24.10.2025, இரவு 9:15

31 கோல்தான்.